கெர்கின் வந்த வழி

மென்பொருள் சோதனைத் தொழிலுக்குப் புதிதாக வருபவரின் காதில் தொடக்கத்திலேயே விழும் விநோதமான சொற்களில் ஒன்று ‘கெர்கின்’. ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதிவைத்து, அந்த வாக்கியங்களையே கணினி வரிவரியாக எடுத்து நிரலை ஓட்டிப் பார்க்கும்படி செய்கிற எழுத்துமுறைக்கு இந்தப் பெயர். ஓட்டிப் பார்க்கும் கருவியின் பெயர் ‘குக்கும்பர்’, அதாவது வெள்ளரி. கெர்கின் என்பது ஊறுகாய்க்காகப் பறிக்கும் குட்டி வெள்ளரி. வங்கிக் கணக்கையும் ரயில் முன்பதிவையும் சரிபார்க்கும் ஒரு மொழிக்கு இந்தக் காயின் பெயர் எப்படி வந்தது என்று தேடினால், பாதை கிரேக்கம்வரை போகிறது. வழியில் நம் பஞ்சாங்கமும் வருகிறது.

என் அண்ணன் மகள் கள்ளக்குறிச்சியில் படித்து முடித்துவிட்டு இப்போது இந்தச் சோதனை வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் முதலில் இந்தச் சொல்லை ‘ஜெர்கின்’ என்றே வாசித்தாள். கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் மார்கழிக் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் மேற்சட்டைக்கும் நம்மூரில் ஜெர்கின் என்றுதானே பெயர். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து வாசிக்கும் யாருக்கும் இந்தக் குழப்பம் வரும், ஆங்கிலேயருக்கே வந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘கிர்கின்’ என்பதுபோல, நடுவில் வேறெழுத்து இல்லாமல் எழுதினார்கள். லண்டன்காரரான சாமுவேல் பீப்ஸ் 1661 டிசம்பர் 1ஆம் தேதி நாட்குறிப்பில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய கெர்கின் அன்பளிப்பாக வந்ததைக் குறித்து, அது அரிய பண்டம் என்றும் சொல்லிவைத்திருக்கிறார். ககர ஒலி ஜகரமாகிவிடாமல் காப்பதற்காக ‘எச்’ என்ற எழுத்து பின்னால் செருகப்பட்டது. அது ஒலிக்காது; முன்னால் உள்ள எழுத்தை எப்படி ஒலிப்பது என்று காட்டுவதற்கு மட்டும் நிற்கிறது.

ஆங்கிலத்துக்கு இதைக் கொடுத்தது டச்சு மொழி. அங்கே ‘ஔகுர்க்’ என்றால் ஊறுகாய் வெள்ளரி. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘கின்’ குறுமைப் பொருள் தரும் டச்சு விகுதி. நாம் ‘குட்டி’ என்று முன்னால் சேர்ப்பதை அவர்கள் பின்னால் சேர்த்தார்கள். டச்சுக்காரர்களுக்கு இது கிழக்கே ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது: போலந்தில் ‘ஓகுரெக்’, ரஷ்யாவில் ‘அகுரேத்ஸ்’. ஜெர்மனியில் ‘குர்கே’. நார்வேயிலும் டென்மார்க்கிலும் ‘அகுர்க்’. நார்வேயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஸ்லாவியருக்கு இது பைசாந்தியக் கிரேக்கர்களிடமிருந்து போனது. கிரேக்கத்தில் வெள்ளரிக்கு ‘அங்கூரியோன்’ என்று பெயர். இன்றைய கிரேக்கத்தில் அது ‘அங்கூரி’. இதற்கு மேல் போனால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாரசீகத்தைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பலரும் ஏற்கும் வழி, ‘அகூரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது என்பது. அகூரோஸ் என்றால் பழுக்காதது, பிஞ்சு. அதன் பழைய வடிவம் ‘அஓரோஸ்’. இதை இரண்டாகப் பிரித்தால் ‘அ’ என்ற எதிர்மறை முன்னொட்டும் ‘ஹோரா’ என்ற சொல்லும் கிடைக்கும். அந்த ‘அ’ வடமொழியில் அநீதி, அசுத்தம் என்று வரும் ‘அ’வுக்கு உடன்பிறப்பு. ஹோரா என்றால் பருவம், வேளை. அது வானநூலோடு சேர்ந்து வடமொழிக்குள் ‘ஹோரா’வாகவே வந்து, தமிழில் ‘ஓரை’ ஆனது. குரு ஓரை, சுக்கிர ஓரை என்று பஞ்சாங்கத்தில் இன்றும் பார்க்கிறோமே, அதே ஓரை. சங்க இலக்கியத்தில் பெண்கள் ஆடும் விளையாட்டையும் ஓரை என்பார்கள்; அது வேறு சொல், இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

ஆக, இந்த வழியை ஏற்றுக்கொண்டால் கெர்கின் என்ற பெயரின் அடியில் இருப்பது ‘ஓரை வராதது’ என்ற பொருள். தமிழில் அதற்கு ஒரே சொல், பிஞ்சு. உளுந்தூர்பேட்டையில் கோடையில் பேருந்து நின்றதும் சன்னலோரம் தட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கூவுவதும் ‘வெள்ளரிப் பிஞ்சு’ என்றுதான். பல மொழிகளில் உருமாறிய பிறகு சொல்லுக்குள் மறைந்துபோன பொருளை நம் விற்பனையாளர்கள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லாராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இப்படிப்பட்டவைதான்: யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை, ஆனாலும் ஒரு காயைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கு ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

காய்க்கும் ஊர் இதுதான். வெள்ளரியின் பிறப்பிடம் இந்தியா, அதிலும் இமயமலை அடிவாரம் என்பதே தாவரவியலாரின் கருத்து. காட்டு வெள்ளரி இன்றும் அங்கே வளர்கிறது. தமிழில் இதற்குப் பழைய சான்று தேடினால் புறநானூற்றின் 246ஆம் பாடல் வரும். பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. அதில் காயின் பெயர் இல்லை. அணிலின் முதுகுக் கோடுகள்போல வரியோடி வளைந்திருக்கும் காய் என்று மட்டும் வருகிறது. உரைகாரர்கள் அதை வெள்ளரிக்காய் என்று தயக்கமில்லாமல் கொள்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் தோற்றத்தைச் சொல்லியே கேட்பவருக்குப் புரியவைத்த வரி அது.

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒப்பந்த முறையில் கெர்கின் சாகுபடி ஆரம்பித்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. ஏறத்தாழ 90 நாள் பயிர். விரல் பருமனிலேயே பறித்து, ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கும் என்ற கணக்கில் தரம் பிரித்து, வினிகரிலோ உப்பு நீரிலோ போட்டுக் கப்பலேற்றுகிறார்கள். கெர்கின் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு என்று 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றிய வணிக அமைச்சகம் அறிவித்தது. விளைவிக்கும் உழவர்கள் சாப்பிடுவது நாட்டு வெள்ளரி. இந்தக் காயை அவர்கள் ‘கெர்கின்’ என்று ஆங்கிலப் பெயரிலேயே சொல்கிறார்கள். இமயத்து அடிவாரத்திலிருந்து மேற்கே போன செடி, அயல்பெயர் சூடித் திரும்பி வந்திருக்கிறது.

இனி இந்தப் பெயர் மென்பொருளுக்குள் புகுந்த கதை.

தானியங்கிச் சோதனை என்பது நிரலைச் சரிபார்க்கும் இன்னொரு நிரல். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அது ஓடி, ஏற்கெனவே சரியாக இருந்தவை இன்னும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும். கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997இல் விமானப் பயணம் ஒன்றில் எழுதத் தொடங்கிய ‘ஜேயூனிட்’ இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. அதன் தொடக்க காலப் பதிப்புகளில் ஒவ்வொரு சோதனையின் பெயரும் ‘டெஸ்ட்’ என்ற சொல்லில் தொடங்கியே ஆக வேண்டும். விளைவு, டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு, டெஸ்ட் கணக்கு என்று பெயர்கள் குவிந்தன. ஒன்று தோற்றால் என்ன தோற்றது என்று பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எழுதியவரே ஆறு மாதம் கழித்து உள்ளே போய்த் துருவ வேண்டும்.

டான் நார்த் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் இதைப் பற்றி நிறைய யோசித்தார். அவருடன் வேலை செய்த கிறிஸ் ஸ்டீவன்சன் ஒரு சிறு கருவி செய்திருந்தார். அது சோதனைகளின் பெயர்களை எடுத்து, ‘டெஸ்ட்’டை வெட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் சொற்களைப் பிரித்து, வாக்கியமாக அச்சிடும். நல்ல பெயர் வைத்திருந்தால் நல்ல வாக்கியம் வரும். வெற்றுப் பெயர் வைத்திருந்தால் வெற்று வாக்கியம் வரும். அதைப் பார்த்த நிரலாளர்கள் பெயர்களை முழு வாக்கியங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். நார்த் இன்னொரு படி போனார். புதியவர்கள் திணறுவதற்குக் காரணமே ‘டெஸ்ட்’ என்ற சொல்தான் என்று கருதி, அதை விட்டுவிட்டு ‘நடத்தை’ என்ற சொல்லைப் பிடித்தார். 2003இல் தொடங்கிய தன் கருவிக்கு ‘ஜேபிஹேவ்’ என்று பெயரிட்டார். நிரல் எழுதும் முன்பே அதன் நடத்தையை எழுதிவைக்கும் இந்த முறையை 2006இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

தமிழில் ‘சோதனை’ என்ற சொல்லுக்கும் இதே சுமை இருக்கிறது. கடவுள் சோதிக்கிறார் என்கிறோம். வருமான வரிச் சோதனை என்கிறோம். இரண்டிலும் அகப்பட்டவர் நிலை நல்லதாக இல்லை. ஆனால் வேரைப் பார்த்தால் வேறு செய்தி. சோதனை வடமொழிச் ‘சோதனா’விலிருந்து வந்தது, அதன் பொருள் தூய்மையாக்கல், பாதரசத்தையும் உலோகங்களையும் மருந்துக்காகச் சுத்தி செய்வதை ரசநூல்கள் இப்படித்தான் குறித்தன. ஆங்கில ‘டெஸ்ட்’டின் வேர் லத்தீனின் ‘டெஸ்டும்’, மண்கலம். வெள்ளியையும் தங்கத்தையும் புடமிட்டு மாசு நீக்கிய கிண்ணத்துக்கு அந்தப் பெயர். இரண்டு சொற்களும் உலைக்களத்திலிருந்து வந்திருக்கின்றன. குற்றம் பிடிப்பது பின்னால் ஏறிய பொருள். மாற்றுக் குறையாமல் எடுப்பதே மூலப் பொருள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் நான் ‘டெஸ்ட்’டைக் கைவிடச் சொல்வதில்லை. சொல்லின் பழைய பொருளைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

நார்த்தும் கிறிஸ் மேட்ஸ் என்பவரும் சேர்ந்து ஒரு வாய்பாடு வகுத்தார்கள். இன்ன நிலையில் இருக்கும்போது, இன்னது நடந்தால், இன்னது விளைய வேண்டும் என்று மூன்று கட்டம். ஆங்கிலத்தில் ‘கிவன், வென், தென்’. மூன்றும் வாக்கியத்தின் தலையில் நிற்கும் சொற்கள்.

இந்த வாய்பாட்டை எடுத்து ரூபி என்ற நிரல்மொழியில் 2008இல் புதுக் கருவி ஒன்றை எழுதியவர் அஸ்லாக் ஹெல்லசோய். முதலில் அதற்குக் ‘கதைகள்’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். அது பிடிக்காமல், நிச்சயம் செய்திருந்த பெண்ணிடம் பெயர் கேட்க, அவர் சொன்னது ‘குக்கும்பர்’. கருவி வெள்ளரி ஆனதால், அது படிக்கும் மொழி குட்டி வெள்ளரி ஆனது. பின்னால் வந்தவர்களும் தோட்டத்தை விடவில்லை: பைத்தானில் ‘லெட்டியூஸ்’, ரூபியில் ‘ஸ்பினாச்’ என்று கீரைப் பெயர்களில் சோதனைக் கருவிகள் வந்தன. ஹெல்லசோய் நார்வேக்காரர். அவர் தாய்மொழியில் வெள்ளரியே ‘அகுர்க்’. ஆங்கிலத்தில் கருவிக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று பிரிந்து நிற்கும் இரண்டு பெயர்களுக்கும் அவர் வீட்டில் ஒரே சொல்.

கெர்கினில் எழுதும் வாக்கியங்களை எந்த மொழியிலும் எழுதலாம். தலைச்சொற்கள் மட்டும் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றின் பட்டியல் இப்போது 70க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. தலைப்புக்கு ‘அம்சம்’, ‘வணிக தேவை’, ‘திறன்’ என்று மூன்று சொற்களில் எதை வேண்டுமானாலும் போடலாம். நிகழ்வுக்குக் ‘காட்சி’ அல்லது ‘உதாரணமாக’. கிவன் ‘கொடுக்கப்பட்ட’ ஆகியிருக்கிறது, வென் ‘எப்போது’, தென் ‘அப்பொழுது’. தொடர்வதற்கு ‘மேலும்’, ‘மற்றும்’, மறுப்பதற்கு ‘ஆனால்’. கோப்பின் முதல் வரியில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால், கருவி இந்தச் சொற்களை எதிர்பார்க்கத் தொடங்கும். ‘அம்சம்’ எனக்கு ஒப்பவில்லை. வடமொழியில் அது பங்கு, கூறு. பேச்சுத்தமிழில் ‘அம்சமா இருக்கு’ என்றால் அழகு. பயனாளருக்கு வேண்டியதைச் சொல்லும் தலைப்புக்கு ‘வணிக தேவை’ பொருத்தம்.

இந்தப் பட்டியலை வைத்து அண்ணன் மகள் எழுதிய முதல் கோப்பைக் கொண்டுவந்து காட்டினாள்.

“சித்தப்பா, ‘எப்போது’ன்னு ஆரம்பிச்சா கேள்வி கேக்குற மாதிரி இல்ல இருக்குது? யாரு பதில் சொல்றது?”

“கேள்விதான். ஆனா ‘எப்போது மழை பெய்யுதோ’ன்னு சொன்னா அது கேள்வியா?”

“இல்ல. அப்போ ஒரு ‘ஓ’ போட்டு முடிக்கணும்.”

இதுதான் சாவி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தின் உறவு தலையிலேயே தெரிந்துவிடும். தமிழில் அது வாலில் இருக்கும்: இருந்தால், வந்தபோது, செய்கிறாரோ. தலைச்சொல்லை மட்டும் மொழிபெயர்த்து, மீதியை ஆங்கில வாக்கியம்போல நிறுத்திவிட்டால், அரைகுறையாகத்தான் இருக்கும். ‘கொடுக்கப்பட்ட’ என்பது பெயரெச்சம். அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தே தீர வேண்டும். ‘கொடுக்கப்பட்ட அவர் உள்நுழைந்தார்’ என்று எழுதினால் தமிழாகாது. ‘கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தில்’ என்றால் வாக்கியம் எழுந்து நடக்கும். ‘எப்போது’ வந்தால் வரியின் கடைசியில் ‘ஓ’ வேண்டும். ‘அப்பொழுது’ அதற்கு இணையாக வந்து நிற்கும். டான் நார்த் ஆங்கிலத்தில் சோதனைப் பெயரின் முன்னால் வைத்த ‘ஷுட்’ நமக்கு வரியின் கடைசியில் ‘வேண்டும்’ ஆக வரும். பட்டியலைத் தந்தவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை; அவர்கள் கொடுத்த சொற்களுக்குள் தமிழ் இலக்கணம் இருக்கிறது, அதைத் தேடி எடுத்து எழுதுவது நம் பொறுப்பு.

பயிற்சிக்கு எதை எழுதலாம் என்று பார்த்தபோது அவளே ஊரிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடித்தாள். கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் ‘மலையாளி’. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். இரண்டு பெயர்களும் ‘மலை’யிலிருந்து பிறந்து, ஒரே உருவில் நிற்கின்றன. ஒரு விண்ணப்பப் படிவம் எழுதும் வெளியூர் நிரலாளர், இனம் மலையாளி என்று பார்த்ததும் தாய்மொழிக் கட்டத்தில் மலையாளத்தை நிரப்பிவிட மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அதற்கு ஒரு காட்சி எழுதலாம்.

அதைவிட நுட்பமானது மாவட்டம். 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு உரியதாக இடம்பெற்றிருக்கிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து, இந்தப் பகுதி விழுப்புரம் மாவட்டமானது. 2019 நவம்பர் 26 முதல் அது கள்ளக்குறிச்சி மாவட்டம். மலை நகரவில்லை, மூன்று பெயர்களுக்குள் வாழ்ந்திருக்கிறது. பட்டியலில் உள்ள பெயரையும் முகவரியில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் ‘பொருந்தவில்லை’ என்று சொல்லிவிடும். பட்டியலில் மாவட்டப் பெயர் இல்லாததன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு ஈரோடு மாவட்ட மலைகளே சாட்சி: அவை அடங்கியிருந்த பழைய கோவை மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லாததால், அங்குள்ள மலையாளி மக்கள் பழங்குடித் தகுதிக்காக நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுடைய முதல் வடிவம் இப்படி இருந்தது:

காட்சி: சோதனை 4
கொடுக்கப்பட்ட மூன்றாம் பெட்டியில் “மலையாளி” உள்ளிடு
மேலும் ஐந்தாம் பெட்டியில் “கள்ளக்குறிச்சி” தேர்ந்தெடு
எப்போது நீலப் பொத்தானைச் சொடுக்கு
அப்பொழுது பச்சை எழுத்து தெரியும்

எந்திரத்துக்கு இது போதும். ஆனால் இதைப் படிப்பவருக்கு என்ன தெரிகிறது? நாளை நீலப் பொத்தான் சிவப்பானால் இந்தச் சோதனை பொய்யாகிவிடும், விதி மாறாமலே. விதி என்ன என்பதும் எங்கும் எழுதப்படவில்லை. பொத்தான்களையும் பெட்டிகளையும் கீழேயுள்ள நிரல்துண்டுகளுக்குள் தள்ளிவிட்டு, கோட்டாட்சியர் அலுவலகத்தில் பேசிக்கொள்ளும் சொற்களை மட்டும் மேலே வைக்கச் சொன்னேன். மறுவடிவம்:

வணிக தேவை: பழங்குடி இனச்சான்று
காட்சி: மாவட்டம் பிரிந்த பிறகும் கல்வராயன் மலை மலையாளி இனத்தவர் தகுதி இழப்பதில்லை
கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தில் இனம் “மலையாளி”
மேலும் ஊர் “வெள்ளிமலை”, மாவட்டம் “கள்ளக்குறிச்சி”
எப்போது அலுவலர் அதைப் பழங்குடிப் பட்டியலோடு ஒப்பிடுகிறாரோ
அப்பொழுது பழைய “தென்னார்க்காடு” பதிவோடு பொருந்துவதாகக் காட்ட வேண்டும்

இதை வெள்ளிமலையில் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டலாம். சரி, தப்பு என்று அவர் சொல்லிவிடுவார். படிக்கத் தக்க சோதனை என்று நான் கருதுவது அதைத்தான்: யாரைப் பற்றிய விதியோ அவர் காதில் போட்டால் அவருக்குப் புரிய வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் படிப்பதென்றால் நிரலையே படித்துவிட்டுப் போகலாம், நடுவில் ஒரு வெள்ளரி எதற்கு?

காட்சியின் பெயரைக் கவனியுங்கள். ‘சோதனை 4’ என்பது வரிசை எண். இரண்டாவது வடிவில் பெயரே விதி. இரவில் தானாக ஓடி எங்காவது தோற்றால், காலையில் வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒரு வரிதான். அதைப் படித்ததும் எந்த மக்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். பெயர் வைப்பதில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுவது கற்பவருக்கு வீண் வேலைபோலத் தோன்றும். எனக்கு இந்தத் தொழிலில் மிக மதிப்புள்ள ஐந்து நிமிடமாகத் தெரிகிறது.

தமிழில் எழுதுபவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கருவி தலைச்சொல்லை உரித்துவிட்டு, மீதி வாக்கியத்துக்குப் பொருந்தும் நிரல்துண்டைத் தேடும். பொருத்தம் எழுத்துக் குறியீடுகளை வைத்து நடக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் முன் சீராக்காத நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. ‘கொடுக்கப்பட்ட’ என்ற தலைச்சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. வரி சரியாக இருந்தும் கருவி ‘தெரியாத சொல்’ என்று அடம்பிடித்தால் முதலில் அங்கே பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரே தட்டச்சு முறையைப் பயன்படுத்துவதும், கோப்பைச் சேமிக்கும்போதே குறியீடுகளைச் சீராக்கிவிடுவதும் இதற்கு நல்ல வழிகள்.

பெயர்ச் சிக்கல் எழுத்தோடு நிற்பதில்லை. கள்ளக்குறிச்சி என்று அரசு எழுதுகிறது. ஊர்க்காரர்கள் ‘கல்லை’ என்று சுருக்குவார்கள், கல்லைத் தமிழ்ச் சங்கம் என்றே ஒரு சங்கம் இயங்குகிறது. ஆங்கிலத்தில் லகரமும் ளகரமும் ஒரே எழுத்தாகிவிடுவதால், ஆங்கில ஆவணத்திலிருந்து தமிழுக்குத் திருப்பும்போது எது சரி என்று நிரலுக்குத் தெரியாது. பழைய ஆங்கில ஆவணங்களில் கல்வராயன் மலை ‘கல்ராயன்’ என்று இருக்கும். ‘குறிச்சி’ மட்டும் எந்த வடிவிலும் அசையவில்லை. குறிஞ்சி நிலத்து ஊருக்கு இலக்கண உரைகாரர்கள் சொன்ன பெயர் அது, மலையடிவாரத்து இந்த ஊருக்குக் கச்சிதம். ஊர்ப்பெயரைத் தேடும் நிரலுக்கு இந்த வடிவங்கள் ஒவ்வொன்றும் ஓர் உதாரண வரி. கெர்கினில் ‘எடுத்துக்காட்டுகள்’ என்ற தலைப்பின்கீழ் அட்டவணை போட்டு, ஒரே காட்சியை வடிவத்துக்கு ஒருமுறை ஓட்டலாம். மாவட்ட அலுவலகத்தில் பத்தாண்டு வேலை பார்த்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் அந்த அட்டவணை நிறைந்துவிடும்.

தலைச்சொற்களுக்கு வருவோம். தமிழைப்போலவே வினையை வாலில் வைக்கும் மொழி ஜப்பானியம். அவர்களுடைய கெர்கின் பட்டியலைப் பார்த்தால் பாடம் கிடைக்கிறது. ‘கிவன்’ என்பதற்கு முன்நிபந்தனை என்ற பொருளுள்ள பெயர்ச்சொல்லை வைத்திருக்கிறார்கள். ‘வென்’ என்பதற்கு ‘மோஷி’, நம் ‘ஒருவேளை’ போன்றது. ‘தென்’ என்பதற்கு ‘நராபா’, அது நம் ‘எனில்’. முந்தைய வரியின் வாலில் வர வேண்டிய ‘எனில்’ வரி உடைந்ததால் அடுத்த வரியின் தலைக்கு வந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு நிகர் தேடாமல், தங்கள் வாக்கியம் எங்கே ஒடியும் என்று பார்த்திருக்கிறார்கள். தமிழிலும் இது அப்படியே நிற்கும்: ஒருவேளை அலுவலர் பட்டியலோடு ஒப்பிடுகிறார், எனில், பழைய பதிவோடு பொருந்துவதாகக் காட்ட வேண்டும். ‘ஓ’ தேவையில்லை, ‘அப்பொழுது’ தேவையில்லை. இன்னொரு வழி, தலைச்சொல்லே வேண்டாம் என்று ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு முழு வாக்கியத்தையும் தமிழாக எழுதுவது. கருவி அதையும் ஏற்கும்.

தலைச்சொற்களின் பட்டியல் பூட்டிவைத்த பொருள் அன்று. திறந்த கோப்பு, யாரும் திருத்தம் முன்வைக்கலாம். ஒரு தலைச்சொல்லுக்கு எத்தனை மாற்றுச் சொற்களும் இருக்கலாம் என்பதால், புதியது சேர்ந்தாலும் பழைய ‘எப்போது’வை நம்பி எழுதியவர்களின் கோப்புகள் கெடாது. ‘முன்நிலை’, ‘ஒருவேளை’, ‘எனில்’ மூன்றையும் சேர்க்கக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் மகளுக்கு முதல் இரண்டும் சம்மதம். ‘எனில்’ வேண்டாம் என்கிறாள். எங்கள் ஊரில் அப்படி யாரும் பேசுவதில்லை, ‘அப்படின்னா’ போடலாம் என்பது அவள் கட்சி. இரண்டையும் எழுதி அனுப்புவதாக முடிவாகியிருக்கிறது.